யோசேப்பு ஏன் நாசரேத்துக்குப் போனார்?

(திருக்குடும்ப விழாவையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட ஞாயிறு சிந்தனை)



கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்து வரும் ஞாயிறன்று திருக்குடும்ப விழாவைச் சிறப்பிக்கிறோம். இன்றைய நற்செய்தி மத்தேயு 2-ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டுள்ளது. ஏரோது இறந்துவிட்டான். எகிப்துக்குத் தப்பி ஓடிய குடும்பம் திரும்பி வருகிறது. குழந்தை இருக்கிறது, தாய் இருக்கிறார், தந்தை இருக்கிறார். வீடு மட்டும் இல்லை. எங்கே குடியிருப்பது? வாசகத்தின் கடைசிப் பகுதி முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

இது நம் குடும்பங்களுக்குப் பழக்கமான கேள்வி. இராயபுரத்திலோ பெரம்பூரிலோ சாந்தோமிலோ இருபது ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்தவர்கள், பிள்ளைகள் வளர்ந்ததும் இடம் போதாமல் புறநகர் பக்கம் பார்க்கிறோம். தாம்பரம், கூடுவாஞ்சேரி, மேடவாக்கம், பூந்தமல்லி, ஆவடி என்று ஒவ்வொரு ஞாயிறும் மனையோ ஃபிளாட்டோ பார்த்துவிட்டு வருகிறோம். "யாருக்காக? எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்" என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சொல் உண்மையா என்று இன்று கொஞ்சம் பொறுமையாகச் சிந்திப்போம்.

குடியிருக்கும் இடத்தைத் தேர்ந்துகொண்ட இருவரைத் திருவிவிலியம் நமக்குக் காட்டுகிறது. ஒருவர் லோத்து. மற்றவர் யோசேப்பு.

லோத்து பார்த்தது நிலத்தை

தொடக்கநூல் 13-ஆம் அதிகாரத்தில் ஆபிராமுக்கும் அவர் சகோதரரின் மகன் லோத்துக்கும் ஆடுமாடுகள் பெருகிவிட, ஒரே இடத்தில் இருக்க முடியாமல் போகிறது. எந்தப் பக்கம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று பெரியவர் விட்டுக்கொடுக்கிறார். லோத்து கண்களை உயர்த்திப் பார்க்கிறார். யோர்தான் சமவெளி நீர்வளத்தோடு பச்சைப்பசேலென்று தெரிகிறது. அதையே எடுத்துக்கொள்கிறார். அங்கே யார் இருக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று அவர் விசாரித்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

லோத்து கெட்டவர் அல்ல. ஆனால் முதலில் சோதோமுக்கு அருகில் கூடாரம் அடிக்கிறார். அடுத்த அதிகாரத்தில் சோதோமிலேயே குடியிருக்கிறார். 19-ஆம் அதிகாரத்தில் நகர வாயிலில் அமர்ந்திருக்கிறார். அவர் மகள்களுக்கு அந்த ஊரிலேயே மணம் பேசியாயிற்று. ஊருக்கு அழிவு வருகிறது, புறப்படுங்கள் என்று அவர் சொன்னபோது, மருமகன்களாக வரவிருந்தவர்கள் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். ஊரை மெல்ல மெல்லப் பழகிக்கொண்ட ஒரு தந்தையின் சொல்லுக்குச் சொந்த வீட்டிலேயே மதிப்பு இல்லாமல் போயிற்று.

பில்டர் தரும் வண்ணப் புத்தகத்தைப் புரட்டும்போது நாமும் லோத்தைப்போலக் கண்களை உயர்த்திப் பார்க்கிறோம். நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ், மூன்றடுக்குக் காவல். இவை பாவம் அல்ல. ஆனால் நம் மகனும் மகளும் மாலை ஆறு மணிக்கு யாரோடு இருப்பார்கள் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பதில் இருக்காது.

யோசேப்பு விசாரித்தார்

யோசேப்பு முதலில் யூதேயாவுக்குத்தான் போக நினைத்தார் என்று தோன்றுகிறது. பெத்லகேம் தாவீதின் ஊர். எருசலேம் ஆலயமும் பக்கத்தில். முகவரிக்கு மதிப்பு உண்டு. ஆனால் அங்கே ஏரோதுக்குப் பதிலாக அவன் மகன் அர்க்கெலா ஆட்சி செய்வதாகக் கேள்விப்படுகிறார். பதவிக்கு வந்த சிறிது நாளிலேயே, பாஸ்கா விழாவின்போது, இந்த அர்க்கெலாவின் படை ஏறக்குறைய 3000 பேரைக் கொன்றது என்று யூத வரலாற்றாசிரியர் பிளாவியு யோசேப்பு எழுதியுள்ளார். அச்சத்திற்குக் காரணம் இருந்தது. கனவில் எச்சரிக்கப்பட்டு யோசேப்பு கலிலேயாவுக்குச் சென்று நாசரேத்தில் குடியேறுகிறார்.

நாசரேத்து எப்படிப்பட்ட ஊர்? பழைய ஏற்பாட்டில் அதன் பெயரே இல்லை. அங்கிருந்து நல்லது ஏதும் வருமா என்று நத்தனியேல் பிலிப்பிடம் கேட்டதை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். சொன்னால் யாரும் மதிக்காத முகவரி. ஆனால் லூக்கா நற்செய்தியின்படி அது மரியாவின் ஊர். அறிந்தவர்கள் இருந்த ஊர். தொழுகைக்கூடம் இருந்தது. ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவில் செப்போரிஸ் என்ற நகரை ஏரோது அந்திப்பா அப்போது மீண்டும் கட்டிக்கொண்டிருந்தான். தச்சருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கக்கூடும் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். நடந்து போய்விட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரம் அது.

இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதானபோது நடந்ததையும் நினைத்துப் பார்ப்போம். எருசலேமிலிருந்து திரும்பும் வழியில், பிள்ளை கூட்டத்தில்தான் இருப்பான் என்று எண்ணி மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணம் நடந்துவிடுகிறார்கள். இதை அவர்களுடைய கவனக்குறைவு என்று நாம் நினைப்பதுண்டு. அப்படி அல்ல. உறவினர் இருக்கிறார்கள், ஊரார் இருக்கிறார்கள், யாராவது ஒருவர் கண்ணில் பிள்ளை இருப்பான் என்று நம்பக்கூடிய ஊரில் அவர்கள் வாழ்ந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒரு பகல் முழுதும் நம்பி விடக்கூடிய ஊர்! திருக்குடும்பம் குடியிருந்த இடத்தின் சிறப்பு இதுதான். நாமும் தேட வேண்டியது இதைத்தான்.

ஆகவே, வீடு பார்க்கப் போகும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகளை வரிசையாகப் பார்ப்போம்.

தண்ணீரைப் பற்றிய கேள்வி

லோத்து தண்ணீரைப் பார்த்து ஏமாந்தார். நாம் தண்ணீரைப் பார்க்காமல் ஏமாறுகிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப்பின் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. தாங்கல் என்றால் சிறிய ஏரி என்று பொருள். ஊரின் பெயரே சிலவேளை உண்மையைச் சொல்லிவிடும்.

எனவே ஒரு மனையை இருமுறை பார்ப்பது நல்லது: மே மாதத்தில் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை. புரோக்கரிடம் கேட்பதைவிடத் தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும், எதிர்வீட்டுப் பாட்டியிடமும் கேட்போம். வெள்ளம் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்று அவர்கள் கை வைத்துக் காட்டுவார்கள். பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுவது பற்றி நமக்குத் தெரியும். அதை விரிக்க வேண்டியதில்லை.

பதினைந்து வயதில் தானே போய்வர முடியுமா?

சிறு குழந்தையை நாம் தூக்கிக்கொண்டு போகலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் கால்களால் போய்வரும் இடங்கள் தேவை. பள்ளி, டியூஷன், விளையாட்டுத் திடல், கிளை நூலகம், கோவில், நண்பனின் வீடு. இவற்றில் எத்தனை இடங்களுக்கு நம் உதவி இல்லாமல் அவனோ அவளோ போய்வர முடியும்? இந்த எண்ணிக்கையே ஒரு குடியிருப்பின் தகுதியை ஓரளவு சொல்லிவிடும்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் பாதையை ஒட்டி ஒரு சிறிய வீடு. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எட்டாத தூரத்தில் அதே விலைக்கு ஒரு பெரிய வீடு. இரண்டில் எது? பெரிய வீட்டை எடுத்தால் ஒரு படுக்கையறை கூடும். ஆனால் அங்கே ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் மகன் பைக் கேட்பான். பஸ் இல்லாத இடத்தில் அவன் கேட்பதில் நியாயமும் இருக்கும், அதுதான் ஆபத்து. 18 வயதுக்குக் கீழ் பைக் ஓட்ட உரிமம் கிடையாது. 16 வயதில் கிடைப்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. ஆனால் அபராதமா நம் கவலை? பிள்ளையின் உயிர் அல்லவா கவலை! பஸ் நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது அந்த உயிரைக் காக்கும் செயல்.

அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. அதை ஓட்ட அந்தப் பகுதியில் வழி இருக்கிறதா, அல்லது லாரி போகும் சாலைதான் ஒரே வழியா என்றும் பார்ப்போம். டியூஷன் முடிந்து பிள்ளை திரும்பும் வழியை மாலை ஏழு மணிக்கு நாமே ஒருமுறை நடந்து பார்ப்போம். விளக்கு எரிகிறதா? மகள் தயங்காமல் நடக்க முடியுமா? மதுக்கடை எங்கே? மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளிக்கும் மதுக்கடைக்கும் இடையே விதிப்படி இருக்க வேண்டிய தூரம் வெறும் 50 மீட்டர். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பதும் சட்டம். விதி காக்கப்படுகிறதா என்பதைக் கடைகளைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியுள்ள நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அது எங்கே என்று குறித்திருப்பார்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போய்ப் பார்ப்போம். அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்களா, குப்பை கொட்டியிருக்கிறதா, யாராவது வேலி போட்டிருக்கிறார்களா? அந்த ஒரு காட்சியே அப்பகுதி மக்கள் ஒன்றுகூடிக் கேள்வி கேட்பவர்களா என்பதைக் காட்டிவிடும்.

பிள்ளையின் முகம் யாருக்குத் தெரியும்?

புறநகருக்குக் குடிபோன ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அப்பா காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்கு வருகிறார். அம்மா மருத்துவமனையில் செவிலியர்; முறைப்பணி. மகன் பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்து, சாப்பிட்டு, கைபேசியோடு உட்காருகிறான். மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் அந்தத் தளத்தில் இருக்கும் யாருக்கும் அவன் பெயர் தெரியாது. ஞாயிறன்று குடும்பம் ஒரு மணி நேரம் பயணம் செய்து பழைய பங்குக்கே போகிறது. திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் அங்கேதானே பதிவு இருக்கிறது! நாளடைவில் மாதம் ஒருமுறை, பிறகு திருவிழாவுக்கு மட்டும். உறுதிபூசுதல் பெற்றதோடு மறைக்கல்வியும் நின்றுவிடுகிறது. பழைய பங்கில் அவன் விருந்தாளி. புதிய பங்கில் அவனை யாருக்கும் தெரியாது. அவன் தவறிப் போனால் அதைக் கவனித்து ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர் எவரும் இல்லை.

இது அந்தப் பிள்ளையின் குற்றம் அல்ல. திருச்சபைச் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது. 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் 102, 107 ஆகிய எண்களின்படி, ஓர் இடத்தில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடியேறியதுமே அந்த இடத்தின் பங்கு நம் பங்காகிறது. அங்குள்ள பங்குத்தந்தை நம் பங்குத்தந்தையாகிறார். பழைய பங்கின்மேல் பாசம் இருக்கட்டும். ஆனால் குடிபோன முதல் மாதத்திலேயே புதிய பங்கில் பெயரைப் பதிவு செய்வோம். அந்தத் தெருவின் அன்பியம் எந்த நாளில் யார் வீட்டில் கூடுகிறது என்று கேட்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போவோம். பீடப்பணியாளர், பாடகர் குழு, இளையோர் இயக்கம் என்று ஏதாவது ஒன்றில் பிள்ளைக்கு ஒரு வேலை இருந்தால், அவன் வராத ஞாயிறன்று ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருப்பார்.

பக்கத்து வீடும் அதைப்போல முக்கியம். அவர்கள் எந்தச் சமயமாக இருந்தாலும், பொங்கலுக்கும் ரம்சானுக்கும் கிறிஸ்மஸுக்கும் தட்டு மாற்றிக்கொள்ளும் பழக்கம் இருக்கும் தெருவில் பிள்ளைக்கு அத்தையும் மாமாவும் தாமாகவே கிடைத்துவிடுகிறார்கள்.

எந்தக் கதவும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதையும் நினைவில் கொள்வோம். காவலாளி நிற்கும் வாசலைக் கைபேசி கேட்காமலே கடந்துவிடுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' ஏட்டில், பிள்ளைகள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று ஓயாமல் கண்காணிப்பதைவிட, அவர்கள் உள்ளம் எங்கே இருக்கிறது, எதை நம்பி வாழ்கிறார்கள் என்று அறிவதே முக்கியம் என்கிறார். நல்ல குடியிருப்பு நமக்குப் பெற்றுத் தருவது பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம். தினமும் நான்கு மணி நேரப் பயணத்தில் அந்த நேரத்தைத் தொலைத்துவிட்டு, அவனுக்காகத்தான் வீடு கட்டினோம் என்று சொல்ல முடியுமா?

"நல்ல ஏரியா" என்றால் என்ன?

கசப்பாக இருந்தாலும் இதைப் பேசாமல் விட முடியாது. "நல்ல ஏரியாவா?" என்று நாம் கேட்கும்போது பலவேளைகளில் "நம்ம ஆளுங்க இருக்கிற ஏரியாவா?" என்றுதான் கேட்கிறோம். நம் ஆளுங்க என்றால் கிறிஸ்தவர்கள் என்றுகூடப் பொருள் இல்லை. நம் சாதியினர் என்று பொருள். இன்னார் குடியிருக்கும் பக்கம் வேண்டாம் என்று புரோக்கரிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறோம். பின் இருக்கையில் இருக்கும் மகளுக்கு அது கேட்கிறது. பத்து ஆண்டு மறைக்கல்வியில் அவள் கற்றதை அந்த ஒரு வாக்கியம் அழித்துவிடுகிறது. நம் சமயத்தைச் சொன்னதும் வாடகைக்கு வீடு இல்லை என்று சொல்லப்பட்ட வேதனை நம்மில் பலருக்கு உண்டு. அதையே நாம் இன்னொருவருக்குச் செய்யலாமா?

எங்கே குடியிருப்பது என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பே இல்லாதவர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களுக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாற்றப்பட்டன. வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத தூரம். குடும்பத்துக்குத் தகுந்த வீடும் அடிப்படை வசதிகள் கொண்ட சூழலும் குடும்பங்களின் உரிமை என்று, 1983-இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம் அதன் 11-ஆம் பிரிவில் கூறுகிறது. அந்தக் குடியிருப்புகளின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் நாம், நாசரேத்தைப் பற்றி நத்தனியேல் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறோம். வந்து பார் என்பதே பிலிப்பு தந்த பதில்.

எப்போது மாறுவது? யாரைக் கேட்பது?

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அரசுப் பொதுத்தேர்வு இருக்கிறது. அந்த ஆண்டுகளின் நடுவில் பள்ளியையும் வீட்டையும் ஒருசேர மாற்றுவது பிள்ளைக்குப் பெருஞ்சுமை. கூடுமானால் எட்டாம் வகுப்பு முடிந்ததும் மாறலாம். இல்லையேல் பத்து முடியும் வரை பொறுக்கலாம். வாங்குவதற்கு முன்பு அதே பகுதியில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்து பார்ப்பது இன்னும் நல்லது. ஒரு மழையும் ஒரு கோடையும் ஒரு பள்ளி ஆண்டும் அதற்குள் தெரிந்துவிடும்.

முக்கியமாக, பிள்ளைகளையே கேட்போம். முடிவு பெற்றோருடையது, யோசேப்புதான் முடிவு செய்தார். ஆனால் பதினான்கு வயதில் நண்பர்களை விட்டுப் போவது சிறிய இழப்பு அல்ல. வீடு பார்க்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போய், "இங்கே உனக்கு எது கஷ்டமா இருக்கும்?" என்று கேட்டு, சொல்லும் பதிலைக் குறுக்கிடாமல் கேட்போம். நாம் கவனிக்காத இரண்டு விஷயங்களாவது அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

ஏற்கெனவே வீடு வாங்கிவிட்டோம், இருபது ஆண்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, இனி என்ன செய்வது என்று கேட்பவர்கள் கலங்க வேண்டாம். நாசரேத்தும் பெயரில்லாத ஊராகத்தான் இருந்தது. இருக்கும் தெருவில் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டி நம் பிள்ளைகளின் பெயரைச் சொல்வோம். அவர்கள் பிள்ளைகளின் பெயரைக் கேட்போம். இந்த வாரமே தொடங்கலாம்.

புறநகர்ப் பங்குகளாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. திருப்பலி முடிந்ததும் புதிய முகம் தெரிந்தால் நின்று பேசுவோம். மாலையில் பூட்டிக் கிடக்கும் கோவில் வளாகத் திடலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்து வைக்க முடியுமா என்று பங்குப் பேரவையில் கேட்போம்.

மன்றாடுவோம். அன்புத் தந்தையே, உம் மகனுக்காக நாசரேத்தில் ஓர் எளிய வீட்டைத் தந்தீரே. வீடு தேடி அலையும் குடும்பங்களுக்கு யோசேப்பின் விவேகத்தைத் தாரும். வீடின்றி இடம்பெயர்க்கப்பட்டோருக்கு நீதி கிடைக்கச் செய்யும். வளரும் எங்கள் பிள்ளைகள் தங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் மனிதர் நடுவே, ஞானத்திலும் உமக்கு உகந்த நிலையிலும் வளர அருள்புரியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.